கடுகண்ணாவை ஏற்றமும் கைபேசிக் கணக்கும்

பழைய கார்களைப் பேணி ஓட்டுவோர் இருவர் சந்தித்தால், முன்பெல்லாம் 'கலனுக்கு எத்தனை மைல் ஓடுகிறது?' என்ற கேள்விதான் முதலில் எழும். இப்போது அந்த இடத்தை வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டிருக்கிறது. 'நின்ற நிலையிலிருந்து அறுபதைத் தொட எத்தனை செக்கன்?' விடை சொல்பவர் தம் அனுபவத்தைச் சொல்வதில்லை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டுகிறார். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களுடன் ஓர் எண் திரையில் ஒளிர்கிறது. எஞ்சினின் குதிரைவலு இவ்வளவு என்றும் அதே திரை அறிவிக்கிறது. அதற்குமேல் விவாதம் இல்லை.

ஒரு செய்தி மேசைக்கு வந்தால் யார், எங்கே, எப்போது, எப்படி என்று கேட்ட பின்னரே அதை அச்சுக்கு அனுப்புவது பத்திரிகைத் தொழிலின் பழக்கம். திரையில் தோன்றும் எண்ணும் ஒரு செய்திதான். அதை அளந்தது யார்? எந்த வீதியில்? ஏறும்போதா, இறங்கும்போதா? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குக் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும்விடப் பொருத்தமான இடம் வேறில்லை. வண்டி எதுவாயினும் அதன் வலுவை அளந்து சொல்லும் வேலையை இந்த மலைகள் இருநூறு ஆண்டுகளாகச் செய்துவருகின்றன.

மலையே அளவுகோல்

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு வந்தது. கைப்பற்றியதை வைத்திருக்க வீதி வேண்டும் என்பதை 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அவர்களுக்கு உணர்த்தியது. சேர் எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்த 1820களில் கொழும்பு – கண்டி வீதி அமைக்கப்பட்டது. திட்டமிட்டவர் கப்டன் டோசன் என்ற இராணுவப் பொறியியலாளர். அவர் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட 125 அடி உயரக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் வீதியோரம் நிற்கிறது. பதின்ம வயதிலேயே இந்த வீதிப் பணியில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர், பின்னாளில் இலங்கையின் வீதிகளை அமைத்தவர் என்றே பெயர் பெற்றார்.

கோபுரத்தில் இடம்பெறாத பெயர்கள் ஆயிரக்கணக்கானவை. இராஜகாரிய முறையின் கீழ் கட்டாய வேலைக்கு அழைக்கப்பட்ட சிங்களக் குடியானவர்களும், பயனியர் படையில் சேர்க்கப்பட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பாறை உடைத்துப் போட்ட வீதி அது. கைபேசியில் எண் பார்த்து மகிழும் நம்மில் எத்தனை பேர் அவர்களை நினைக்கிறோம்?

மலை வீதி அமைப்பவனுக்கு முதற்கவலை சாய்வு. நேரே ஏறினால் தூரம் குறையும். ஆனால் மாடு இழுக்காது. வளைந்து ஏறினால் மாடு இழுக்கும்; தூரம் கூடும். கடுகண்ணாவையின் வளைவுகள் அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல. ஒரு சோடி மாடு எவ்வளவு பாரத்தை எவ்வளவு ஏற்றத்தில் இழுக்கும் என்ற கணக்கே அங்கே வீதியாகக் கிடக்கிறது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியபோது அந்தக் கணக்கு குதிரைக்கு மாறியது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தபோது நீராவி எஞ்சினுக்கு மாறியது. றம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் இருப்புப் பாதை 45 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. சமவெளியில் ஒரே எஞ்சின் இழுத்து வந்த வண்டித்தொடரை மேலேற்ற, றம்புக்கணையில் துணை எஞ்சின் ஒன்றைப் பூட்டும் வழக்கம் உருவானது. எஞ்சினின் வலுவுக்கு மலை இட்ட மதிப்பெண் அது.

கடிகாரமும் நிலப்படமும் போதும்

வலுவை எண்ணாக்கும் வழியை உலகுக்குத் தந்தவர் ஜேம்ஸ் வாட். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் எடையை ஓர் அடி உயர்த்தும் வேலையை அவர் ஒரு குதிரைவலு என வகுத்தார். இன்றைய அலகில் அது ஏறத்தாழ 746 வாற்று. 1821இல் பிரான்ஸ் நாட்டின் கஸ்பார் த புரோனி, சுழலும் தண்டை இறுகப் பிடித்து அதன் வலுவை அளக்கும் கருவியை அமைத்தார். இன்று எஞ்சின்களைச் சோதிக்கும் டைனமோமீற்றர்களுக்கு அதுவே மூதாதை.

வாட் தந்த இலக்கணத்தைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். எடையை உயர்த்துவதுதான் வலு என்றால், மலையேறும் ஒவ்வொரு வண்டியும் தன் வலுவைத் தானே அளந்துகொண்டு ஏறுகிறது. ஆட்களோடு சேர்த்து 900 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார், 300 மீற்றர் உயரத்தை 9 நிமிடத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ 4,900 வாற்று வரும். அதாவது ஆறரைக் குதிரைவலு. காற்றையும் சக்கர உராய்வையும் வெல்வதற்கான செலவு இதற்கு மேல். இந்தக் கணக்குக்குச் செயலி எதுவும் வேண்டாம். கைக்கடிகாரமும், உயரம் குறித்த நில அளவைத் திணைக்களப் படமும் போதும்.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் மலையேற்றப் பந்தயம் அத்தனை செல்வாக்குப் பெற்றதன் காரணம் இதுதான். ஷெல்ஸ்லி வோல்ஷ் என்ற இடத்தில் 1905இல் தொடங்கிய போட்டி இன்றும் நடக்கிறது. அது தனியார் நிலத்தில் அமைந்த பாதை. பொதுவீதிகளில் நடந்த போட்டிகளின் கதை வேறு. 1925 மார்ச்சில் கொப் ஹில் என்ற குன்றில் பார்வையாளர் ஒருவருக்குக் கால் முறிந்தது. அத்தோடு பிரித்தானியப் பொதுவீதிகளில் பந்தயங்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. ஒரு கால் முறிவு போதுமானதாக இருந்தது அவர்களுக்கு!

இலங்கையிலோ 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியது. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மேலேறினால் நுவரெலியா. ஏப்ரல் வசந்த காலத்தில் தோட்டத் துரைமார் தம் கார்களை வேகம் பார்த்த அந்தப் போட்டி, சுதந்திரத்திற்குப் பின்னரும் இந்நாட்டு மோட்டார் பந்தய நாட்காட்டியில் தன் இடத்தை இழக்கவில்லை. அங்கே அளவு எளிது. பாதை ஒன்று, சாய்வு ஒன்று, காற்று ஒன்று. ஒரே நாளில் எல்லோரும் அதே பாதையில் ஏறுகிறார்கள். ஆகவே கடிகாரம் காட்டும் வித்தியாசம் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உரியது. வேறெதற்கும் அதில் பங்கில்லை.

ஊசலிலிருந்து சிலிக்கனுக்கு

போட்டிப் பாதை இல்லாத சாதாரண ஓட்டுநர் என்ன செய்வார்? 1920களில் பிரித்தானியாவில் அதற்கும் ஒரு கருவி வந்தது. டாப்லி மானி என்பது அதன் பெயர். எண்ணெய்க்குள் அசையும் ஓர் ஊசல். அதனோடு இணைந்த ஒரு முகப்பு. கார் முன்னோக்கிப் பாயும்போது ஊசல் பின்னே சாயும். எவ்வளவு சாய்கிறது என்பதிலிருந்து, அந்தக் கார் அந்தப் பல்லிணையில் எவ்வளவு ஏற்றத்தை ஏற வல்லது என்பதை வாசிக்கலாம். 'ஓட்டோகார்' இதழ் 1928இல் முறையான வீதிச் சோதனைகளை வெளியிடத் தொடங்கியது. அத்தகைய சோதனை அறிக்கைகளில் டாப்லி மானியின் அளவுகளும் பின்னர் வழமையாக இடம்பெற்றன. வேகத்தைத் துல்லியமாக அளப்பதற்கு, காருக்குப் பின்னால் மிதிவண்டிச் சக்கரம் போன்ற ஐந்தாவது சக்கரம் ஒன்றைப் பூட்டி ஓட்டினார்கள்.

கைபேசிக்குள் இன்று இருப்பதும் அந்த ஊசலின் பேரன்தான். தமிழகத்தார் முடுக்கம் என்பதை நம் இலங்கைப் பாடநூல்கள் ஆர்முடுகல் என்கின்றன. அதை அளக்கும் ஆர்முடுகல்மானி, நுண்ணிய சிலிக்கன் துண்டொன்று அசைவதை மின்னளவாக மாற்றும் கருவி. 1990களில் ஜி-டெக் என்ற பெயரில் கார்க் கண்ணாடியில் ஒட்டும் தனிக்கருவி சந்தைக்கு வந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. 2007இல் ஐபோன் ஆர்முடுகல்மானியுடன் வந்தது, 2008இல் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்தது. அதே ஆண்டில் செயலிக் கடை திறக்கப்பட்டு, டைனோலீசியஸ் போன்ற கார் அளவைச் செயலிகளும் வெளிவந்தன. ஒரு காலத்தில் பத்திரிகை அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மட்டுமே வைத்திருந்த வசதி, பேராதனைச் சந்தியில் நிற்கும் இளைஞனின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. இது சிறிய சாதனையன்று.

மலை நாட்டில் எண் தடுமாறுவது ஏன்?

ஆனால் இந்தச் செயலிகள் எதிர்பார்க்கும் வீதி நீண்டது, நேரானது, சமதளமானது. கண்டியில் அப்படி ஒரு வீதியைத் தேடிப் பாருங்கள்!

முதலாவது, சாய்வு. புவியீர்ப்பையும் ஆர்முடுகலையும் பிரித்தறிய எந்த ஆர்முடுகல்மானியாலும் இயலாது. ஐன்ஸ்டைன் 1907இல் கண்ட சமவலுத் தத்துவமே இதுதான். கைபேசியைச் சமதளத்தில் பூச்சியமாக்கிவிட்டு, 20க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறினால், கார் சீரான வேகத்தில் சென்றாலும் ஒவ்வொரு செக்கனும் செக்கனுக்கு 0.49 மீற்றர் வேகம் கூடுவதாகவே கருவி நம்பும். பத்துச் செக்கனில் இல்லாத வேகம் மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர் கணக்கில் ஏறிவிடும். டாப்லி மானியை உருவாக்கியவர்கள் இந்தக் குணத்தைப் பயனாக்கிக்கொண்டார்கள். அவர்கள் அளக்க விரும்பியது இழுவையை. ஏற்றத்தை வெல்லவும் வேகத்தைக் கூட்டவும் செலவாகும் இழுவை ஒன்றே. இன்றைய செயலியோ வேகத்தைச் சொல்ல விரும்புகிறது. அங்கேதான் சறுக்குகிறது.

இரண்டாவது, காரின் முகம் நிமிர்வது. வேகமாகப் புறப்படும்போது பழைய கார்களின் பின்பகுதி அமிழ்ந்து முன்பகுதி எழும். ஒரே ஒரு பாகை எழுந்தால் போதும், 0.17 அளவு பொய்யான ஆர்முடுகல் சேர்ந்துவிடும். அறுபதைத் தொட 12 செக்கன் எடுக்கும் காரின் சராசரி ஆர்முடுகல் 1.39தான். எட்டில் ஒரு பங்கு பிழை!

மூன்றாவது, செய்மதி. ஜி.பி.எஸ். வழியாக அளந்தால் மேற்சொன்ன பிழைகள் இல்லை என்பது உண்மை. ஆயினும் சாதாரணக் கைபேசிகள் பொதுவாகச் செக்கனுக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஒரு செக்கனுக்குள் கார் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஒருபுறம் பாறைச்சுவர், மறுபுறம் மரக்கூட்டம் என்று அமைந்த மலைவீதியில் வானம் ஒரு கீற்றாகவே தெரிகிறது. இந்நிலையில் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வெறும் அலங்காரம்.

நான்காவது, காற்று. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 5 சதவீதம் குறைவு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 17 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று குறையுமளவுக்கு வலுவும் குறையும். கொழும்பில் 48 குதிரைவலு தந்த எஞ்சின் நுவரெலியாவில் 40 அளவில் நிற்கும். எஞ்சினில் பழுதில்லை, அது உண்ணும் காற்று மெலிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லாம் சேர்ந்தால் என்னவாகும்? சமதளத்தில் 12 செக்கனில் அறுபதைத் தொடும் காரை 20க்கு 1 என்ற ஏற்றத்தில் ஓட்டினால், எஞ்சின் தரும் உந்து மாறவில்லை என்றே கொண்டாலும், 18 செக்கனுக்கு மேலாகும். அதே சாய்வில் இறக்கத்தில் ஓட்டினால் 9 செக்கனில் முடியும். கார் ஒன்றே, ஓட்டுநர் ஒருவரே. 20க்கு 1 சாய்வு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதுமில்லை. இறக்கத்தில் எடுத்த எண்ணை ஏற்றத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, 'என் கார் உன் காரைவிட இரு மடங்கு' என்று சொல்பவரை என்னென்பது?

பழைய காரும் புதிய கவலையும்

இந்நாட்டில் பழைய கார் பொழுதுபோக்கு மட்டுமன்று. மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். 1971வாக்கில் உற்பத்தி நின்றது. 1962இல் பொருத்தப்பட்ட 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தந்தது 48 குதிரைவலு. இங்கே அந்தக் காரைப் பழுதுபார்க்கும் கைகள் அற்றுப்போகவில்லை. 1990களில் பிரித்தானியாவின் மொறிஸ் மைனர் அன்பர்களுக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களே பலருக்குக் கார்கள்.

அந்தக் காலத்தில்தான் கைபேசி நம் ஒவ்வொருவர் காரையும் உண்மையாக அளந்தது. 2022இல் எரிபொருள் தீர்ந்து, வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. அரசு கியூ.ஆர். குறியீட்டு முறையைக் கொண்டுவந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடக்கத்தில் பங்கிட்டது. அப்போது அறுபதைத் தொடும் செக்கனை யாரும் கேட்கவில்லை. ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்பதே கேள்வி. வைத்தியசாலைக்குப் போய்த் திரும்ப முடியுமா என்பதே கேள்வி.

இன்னொரு கணக்கு உயிரோடு சம்பந்தப்பட்டது. இந்நாட்டில் கார்களுக்கு நகர்ப்புற வீதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 என்பது சட்டம். ஆகவே நூறைத் தொடும் சோதனையைக் கண்டியைச் சுற்றிய சாதாரண வீதி எதிலும் சட்டப்படி செய்யவே முடியாது. அறுபதைத் தொடும் சோதனையும் முச்சக்கரவண்டியும் பாடசாலைப் பிள்ளைகளும் குறுக்கிடும் வீதியில் செய்யத்தக்கதன்று. ஒழுங்கமைத்த பந்தயத்திலேயே என்ன நேர்ந்தது? 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கொப் ஹில்லில் ஒரு கால் முறிவு கற்பித்த பாடத்துக்கு நாம் கொடுத்த விலை இது.

மலைநாட்டில் ஏறும் வலுவைவிட நிற்கும் வலுவே முதன்மையானது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், புவியீர்ப்பின் பத்தில் ஆறு பங்கு அளவுக்குத் தடை பிடித்தால், சமதளத்தில் ஏறத்தாழ 24 மீற்றரில் நிற்கும். 10க்கு 1 என்ற இறக்கத்தில் அதற்கு 28 மீற்றர் வேண்டும். ஓட்டுநர் சுதாரிக்கும் தூரம் இதில் சேரவில்லை. கூடுதலான அந்த நாலைந்து மீற்றருக்குள் ஒரு மஞ்சட் கடவை இருக்கலாம். அதில் ஒரு தாயும் பிள்ளையும் நடக்கலாம். டாப்லி மானியின் வம்சம் நிலைத்ததும் தடைச் சோதனைக் கருவியாகத்தான் என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

அளப்பவர்களுக்கு ஒரு சொல்

அளக்க வேண்டாம் என்பது என் வாதமன்று. அளப்பவர்கள் ஒழுங்காக அளக்கட்டும். மூடிய பாதையோ தனியார் நிலமோ அனுமதியுடன் கிடைத்தால் அங்கே அளக்கட்டும். ஒரே பாதையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கட்டும்; சாய்வின் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். கைபேசியை ஆடாமல் இறுகப் பொருத்தட்டும். மூன்று நான்கு முறை அளந்து, நல்லதை மட்டுமன்றி எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் இடம், உயரம், காரில் இருந்தவர் தொகை, ரயர் காற்றழுத்தம் ஆகியவையும் இருக்கட்டும். அடுத்தவர் காரோடு ஒப்பிடுவதைவிட, தம் காரின் போன மாதத்து அளவோடு ஒப்பிடட்டும். எண் குறைந்திருந்தால் வால்வோ, பிளக்கோ, கார்பரேற்றரோ கவனிப்பை வேண்டுகிறது என்று பொருள். இந்தச் செயலிகள் தரக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி அதுவே.

பொதுவீதியில் ஒரு சோதனை செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு முன்னர் சொன்ன கடிகாரக் கணக்கு இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், போக்குவரத்தோடு போக்குவரத்தாக, மாவனல்லைப் பக்கத்திலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறுங்கள். எந்தப் பல்லிணையில் ஏறியது, எஞ்சின் சூடு எவ்வளவு கூடியது, எத்தனை லீற்றர் செலவானது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டிக்காரனும் புகையிரத எஞ்சின் சாரதியும் இதே ஏற்றத்தில் தம் வண்டிகளை அறிந்தது இப்படித்தான். ஓட்டும்போது திரையைப் பார்க்க வேண்டாம். குறிப்பெடுக்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.